வில்லின் 700 மணி நேரம்

முதல் நாள் வயலினிலிருந்து வரும் கரகரப்புக்கும் வாசிப்பவரின் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது. எட்டு வயதுப் பையன் வில்லை இழுத்தாலும் அதே சத்தம்தான் வரும். அவன் அதைக் கேட்டு வெட்கப்படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பத்தைந்து வயதுக்காரர் முதலில் ஜன்னலைச் சாத்துகிறார். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று கவலைப்படுகிறார். ஒன்றிரண்டு மாதத்தில், 'இந்த வயசுக்கு மேல இதெல்லாம் வராது' என்று பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிடுகிறார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; அதற்குப் பிறகு வருவோம். ஆனால் அந்தக் கரகரப்பு வயதின் கணக்கில் சேராது. அது தந்திக்கும் குதிரைமயிருக்கும் இடையிலான விவகாரம்.

வீணையில் தந்தியை மீட்டி விட்டுவிட்டால் அது தன் போக்கில் அதிரும். ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் போதும், ஸ்வரம் எதிரே வந்து நிற்கும். வயலினில் அந்தச் சலுகை இல்லை. நாதம் கேட்கும் நேரம் முழுவதும் வில் தந்தியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. வில்லில் கட்டிய குதிரைமயிரின் மேல் ரோசின் தேய்த்திருக்கிறோம். பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் கட்டி அது. ரோசின் பூசிய மயிர் தந்தியைப் பிடித்துத் தன்னோடு இழுத்துப் போகிறது. ஓரளவுக்கு மேல் தந்தியின் விறைப்பு அந்தப் பிடியை மிஞ்சிவிட, தந்தி வழுக்கிப் பின்னால் பாய்கிறது. பாய்ந்த மறுகணம் மீண்டும் பிடிபடுகிறது. எண்ணெய் காணாத கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே இழுபறியால்தான். கீல் நினைத்தபோது வழுக்கும். வயலின் தந்தி அப்படி வழுக்கக்கூடாது. நொடிக்கு 300 முறை அதிரும்படி சுருதி சேர்த்த தந்தி, நொடிக்கு 300 முறை, ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரே ஒரு தடவை வழுக்க வேண்டும். ஒரு அதிர்வில் இரண்டு தடவை வழுக்கினால் குரல் மெலிந்து விசில் போலாகும். வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காமல் மாட்டிக்கொண்டால் கர்ரென்று நொறுங்கும்.

வில் பட்ட தந்தியைக் கண்ணால் பார்த்தால் நடுவில் உப்பிய மங்கலான பட்டை ஒன்றுதான் தெரியும். அந்தப் பட்டைக்குள் நடப்பதை முதலில் பிரித்துப் பார்த்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863இல் வெளியான தன் நூலில் அதை விவரித்தார். எந்தக் கணத்தில் பார்த்தாலும் தந்தி வளைந்திருப்பதில்லை. இரண்டு நேர்கோடுகளாக, நடுவே ஒரு முனை மடங்கி நிற்கிறது. அந்த மடிப்பு தந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடித் திரும்புகிறது. ஒரு பக்கமாக ஓடி வில்லைக் கடக்கும்போது தந்தியை மயிரின் பிடியிலிருந்து உதறிவிடுகிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் மோதித் திரும்பி வரும்போது மீண்டும் பிடியில் மாட்டிவிடுகிறது. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதைத் தந்தியே தீர்மானிக்கிறது. வாசிப்பவரின் வேலை, அந்த மடிப்பின் ஓட்டத்தைக் கெடுக்காமல் இருப்பது.

கெடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டவர் நம்மூர்க்காரர். திருச்சியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன் 1907இல் கல்கத்தாவில் இந்திய நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தை பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1918இல் வில்லிசைக்கும் தந்திகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வறிக்கை அங்கிருந்துதான் வெளிவந்தது. பின்னால் வயலினை இயந்திரத்தால் வாசிக்க வைத்தும் அளந்து பார்த்தார். ஒளிக்காக நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வயலின் வகுப்புகளில் மட்டும் ராமன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பேன்.

ராமன் கண்டது இது. மடிப்பு ஒழுங்காக ஓட வேண்டுமானால் வில் தந்தியை ஒரு குறைந்தபட்ச விசையோடு அழுத்தியாக வேண்டும். வில்லின் வேகம் இரட்டித்தால் அந்த விசையும் இரட்டிக்க வேண்டும். வில் படும் இடம் பிரிட்ஜுக்குப் பாதி தூரம் நெருங்கினால் விசை நான்கு மடங்காக வேண்டும். 1973இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஷெல்லெங் இதன் மறுபக்கத்தையும் சேர்த்து வரைபடமாக்கினார். அதிகபட்சம் என்று ஒரு எல்லையும் உண்டு. அதைத் தாண்டினால் மடிப்பால் தந்தியை உதறிவிட முடியாது. பிரிட்ஜை நெருங்க நெருங்க இந்த மேல் எல்லையும் உயர்கிறது, ஆனால் கீழ் எல்லை உயரும் வேகத்தில் உயர்வதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகிறது. நல்ல நாதம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. வேகம், அழுத்தம், வில் படும் இடம் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்தபடி அதற்குள் தங்க வேண்டும்.

தங்கினால் மட்டும் போதாது, சீக்கிரம் அங்கே போய்ச் சேரவும் வேண்டும். வில்லைத் தொடங்கிய முதல் கணத்தில் தந்திக்கு இன்னும் ஒழுங்கு பிடிபட்டிருக்காது. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆஸ்கென்ஃபெல்ட்டும் நார்வேயின் க்னூட் கெட்லரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தொடக்கக் குழப்பத்தை எவ்வளவு நேரம் வரை வயலின்காரர்களின் காது பொறுத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். கரகரப்பு வகைக் குழப்பத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி நொடி. விசில் வகைக்கு 90. நொடிக்கு 300 முறை அதிரும் தந்தியில் 50 மில்லி நொடி என்றால் பதினைந்தே அதிர்வுகள். அதற்குள் ஒழுங்குக்கு வந்துவிட்டால் காது அதை ஸ்வரத்தின் தெளிவான தொடக்கம் என்று ஏற்றுக்கொள்கிறது. வராவிட்டால் எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வில்லைத் தொட்டால் நாதம் வந்துவிடுமா? வராது. ஆனால் பெரியவர்களின் வழக்கமான தவறு எங்கே இருக்கிறது என்று புரியும். சென்னையில் இப்போது பல வகுப்புகளில் காணும் காட்சி: ஆசிரியருக்கு இருபத்தாறு வயது, மாணவர் வங்கியில் மேலாளர். "சார், தோள இறக்குங்க. வில்ல அமுக்காதீங்க, அது பாட்டுக்குப் போகட்டும்" என்கிறாள் அந்தப் பெண். "சரிங்க மேடம்" என்று அவர் தோளை இறக்குகிறார். அடுத்த இழுப்பில் தோள் மறுபடி காதருகே ஏறிவிடுகிறது. கரகரப்பு வந்ததும் பயந்து அழுத்தத்தைக் குறைக்கிறார், உடனே விசில். விசிலுக்குப் பயந்து அழுத்துகிறார், மறுபடி கரகரப்பு. மூன்று கட்டுப்பாடுகளில் அழுத்தம் ஒன்றை மட்டுமே திருகிக்கொண்டிருக்கிறார். அவர் பிரச்சினை பெரும்பாலும் வேகத்தில் இருக்கிறது: வில் பாதியிலேயே தீர்ந்துவிடுமோ என்று மிகமிக மெதுவாக இழுப்பது. வேகம் குறைந்தால் மேல் எல்லையும் சேர்ந்து இறங்கிவிடும். பத்து நாள் தாராளமாக, நீளமாக, கொஞ்சம் வேகமாகவே இழுக்கச் சொல்லும் ஆசிரியர், ஷெல்லெங்கின் வரைபடத்தைப் பார்க்காமலேயே அதைக் கற்பிக்கிறார்.

வில்லின் எடை சுமார் 60 கிராம். கைப்பிடிப் பக்கம் தந்தியில் இருக்கும்போது அதன் எடையும் கையின் எடையும் சேர்ந்து இறங்கும்; சுண்டுவிரலால் சற்று ஏந்திக்கொள்ள வேண்டும். நுனிப் பக்கம் போகப் போக எடை கையின் பக்கமே தங்கிவிடுவதால், ஆள்காட்டி விரலால் திருகி அழுத்தத்தைத் தந்தி வரை அனுப்ப வேண்டும். ஒரே அளவு நாதம் வேண்டுமென்றால் விரல்களின் வேலை நொடிக்கு நொடி மாறியாக வேண்டும். இது போதாதென்று, தோளில் பொருத்திய கை இயல்பாக வட்டமாகத்தான் வீசும். வில்லோ தந்திக்குச் செங்குத்தாக, நேர்கோட்டில் போக வேண்டும். சற்றுக் கோணினாலும் வில் படும் இடம் தந்தியின் மேல் நழுவிப் பிரிட்ஜ் பக்கமோ விரல் பலகைப் பக்கமோ போய்விடும். இடம் மாறினால் தேவையான விசையும் மாறும். ஒரு இழுப்பின் நடுவில் காரணம் தெரியாமல் நாதம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். எதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இந்த நேர்கோட்டுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? யூர்கன் கோன்சாக்கும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. சிறுவர்கள், வயதுவந்த மாணவர்கள், மேடைக் கலைஞர்கள் என்று சிலரின் கையசைவைக் கணினியில் பதிந்து ஒப்பிட்டார்கள். கற்கக் கற்க மூட்டுகள் விடுதலை பெறும் என்பது சோவியத் விஞ்ஞானி நிக்கலாய் பெர்ன்ஷ்டைன் காலத்திலிருந்து வந்த கருத்து: தொடக்கக்காரர் விறைத்து நிற்பார், தேர்ந்தவர் எல்லா மூட்டுகளையும் தளர்த்தி விடுவார். வயலினில் தோளைப் பொறுத்தவரை நேர்மாறாக இருந்தது. கற்றவர்களின் தோள் முன்னும் பின்னும் ஆடுவது குறைந்துகொண்டே வந்தது. அடிப்படை வில் வீச்சு கைவரவே சுமார் 700 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது.

நாளைக்கு அரை மணி என்று வைத்தால் 700 மணி நேரம் ஏறக்குறைய நான்கு வருடம். வித்வான் ஆவதற்கான கணக்கில்லை இது, வில் நேராகப் போவதற்கான கணக்கு. மனம் சோர வேண்டாம். அந்த ஆய்வில் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கும் அத்தனை மணி நேரம் ஆகிறது. ஆறு வயதில் தொடங்கியவன் பத்து வயதில் நன்றாக வாசித்தால் 'பிறவி ஞானம்' என்கிறோம்; இடையில் போன நான்கு வருடத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாற்பத்தைந்தில் தொடங்கியவர் நாற்பத்தாறிலேயே கணக்குக் கேட்கிறார். பத்தாயிரம் மணி நேரம் என்று ஒரு எண் ஊரெல்லாம் சுற்றுகிறதே, அது இங்கே பொருந்தாது. ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் பெர்லின் இசைக் கல்லூரியின் தலைசிறந்த வயலின் மாணவர்களிடம் கணக்கிட்ட சராசரி அது. உலக மேடையைப் பிடிக்கப் போகிறவர்களின் சராசரி, நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவில் ஒரு கீர்த்தனை வாசிக்க நினைப்பவரைப் பயமுறுத்தக்கூடாது.

இனி இடது கை. கர்நாடக வயலினில் நான்கு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோம். முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளையில் வருகிறது. இந்த ராகத்தின் பூர்வாங்கமும் உத்தராங்கமும் அளவில் ஒன்றே: ஸ ரி க ம எந்த விகிதத்தில் ஏறுகிறதோ அதே விகிதத்தில் ப த நி ஸ ஏறுகிறது. ஸட்ஜத் தந்தியில் விரல்கள் எங்கே விழுகின்றனவோ, பஞ்சமத் தந்தியிலும் அங்கேயே விழும். நான்கு தந்திக்கும் ஒரே கணக்கு. பாடுகிறவர்களுக்காக வகுக்கப்பட்ட வரிசை வயலினுக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது.

அளந்து பார்க்கலாம். முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். சுத்த ரிஷபம் மேல்முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். அந்தர காந்தாரம் ஆறரை. சுத்த மத்தியமம் எட்டேகால். அதாவது முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் அகட்ட வேண்டும். அடுத்த விரலை உடனே ஒட்டி வைக்க வேண்டும். கைக்கு இது இயல்பான நிலையே இல்லை. ரிஷபத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அரை ஸ்வரத்தில் இருபதில் ஒரு பங்கு தவறும். நல்ல காதுகளுக்கு அது தெரியத் தொடங்கும். விரல் நுனியோ ஒரு சென்டிமீட்டர் அகலம். வீணையைப் போல் இங்கே மெட்டுகளும் கிடையாது. பார்த்து வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முதல் மாதத்துக்கு மேல் அதை வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்: கண் பார்க்கத் தொடங்கிவிட்டால் காது ஓய்வெடுத்துக்கொள்கிறது.

காதுக்குச் சாட்சியாக வயலினே ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. சிறு காகிதத் துண்டை மடித்து, விரல் படாத மத்திய ஸட்ஜத் தந்தியின் மேல் ஏற்றி உட்கார வைக்கவும். பக்கத்துத் தந்தியில், அதாவது மந்தர பஞ்சமத்தில், மத்தியமத்தின் இடத்தில் விரல் வைத்து ஸட்ஜத்தை வாசிக்கவும். சுருதி சரியாக இருந்தால் தொடாத தந்தி அதிர்ந்து காகிதம் நடுங்கும். விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் அடங்கிவிடும். இரண்டு தந்திகளின் அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது பிரிட்ஜ் வழியாக ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்குப் போகிறது. அந்த நேரத்தில் நாதமும் திடீரென்று விரிந்து ஒலிக்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு காகிதம் தேவைப்படாது.

இங்கே பெரியவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பிள்ளைகள் வளர வளரச் சிறிய வயலினிலிருந்து பெரியதற்கு மாறி, ஒவ்வொரு முறையும் இந்தத் தூரங்களைப் புதிதாகக் கற்க வேண்டும். பெரியவர் ஒரே ஒரு முறை கற்றால் போதும். சிறு வயதில் இசை படிக்காதவருக்குச் சுயம்பான சுருதி ஞானம், அதாவது எந்த ஒலியையும் கேட்ட மாத்திரத்தில் எத்தனை கட்டை என்று சொல்லும் திறன், அநேகமாக வருவதில்லை என்பது உண்மை. ஆனால் நம் சங்கீதத்துக்கு அது தேவையே இல்லை. எல்லாம் ஆதார ஸட்ஜத்தோடு ஒப்பிட்டுத்தான். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டால் எல்லோரும் சமம். நாற்பதுக்கு மேல் உண்மையில் படுத்துவது முழங்கால். சம்மணம் போட்டு, வயலினின் சுருள்தலையை வலது கணுக்காலில் தாங்கி, மறுகோடியை நெஞ்சில் அணைத்து அரை மணி உட்காருவது, நாற்காலியிலேயே வாழ்ந்தவருக்குப் பெரும் சோதனை. இந்த அமர்வை விட்டுவிடவும் முடியாது. வாத்தியத்தின் பாரம் இடது கைக்கு வராததால்தான் கமகங்களுக்காக அந்தக் கை தந்தியின் நீளத்துக்கும் தடையின்றி வழுக்கி ஓடுகிறது.

வயதைப் பற்றிய பாதி உண்மைக்கு வருவோம். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர், தந்தி வாத்தியக் கலைஞர்கள் ஒன்பது பேரின் மூளையை அளந்தார்கள். இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்கு மூளையில் ஒதுக்கப்பட்ட பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கழுத்தைத் தாங்கி நிற்கும் கட்டைவிரலுக்கு அவ்வளவு மாற்றமில்லை. சிறு வயதில் தொடங்கியவர்களிடம் மாற்றம் அதிகமாக இருந்தது. இந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனே குழுவினர் செய்த சோதனை அவ்வளவாகப் பேசப்படவில்லை. பியானோ தெரியாத பெரியவர்கள் நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் ஒரு ஐந்து விரல் பயிற்சியைச் செய்தார்கள். ஐந்தே நாளில் விரல்களை இயக்கும் மூளைப்பகுதி விரிந்தது. விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டே சரளி வரிசையை விரல்களோடு நினைத்துப் பார்ப்பது வீணல்ல.

மார்க் பாங்கர்ட், எக்கார்ட் ஆல்டென்முல்லர் இருவரும் 2003இல் கண்டது இன்னும் நேரடியானது. பெரியவர்கள் பியானோவில் இருபது நிமிடம் பயின்றதுமே காதுக்கும் கைக்கும் உரிய மூளைப்பகுதிகள் சேர்ந்து இயங்கத் தொடங்கின. ஐந்து வாரத்தில் அந்தப் பிணைப்பு நிலைபெற்றது. ஒரு குழுவுக்கு மட்டும் ஸ்வரங்களைக் கலைத்துப்போட்ட கட்டைகளைக் கொடுத்தார்கள். எந்தக் கட்டையில் எந்த ஸ்வரம் என்று நிலையாக இருக்காது. அவர்களிடம் மூளையின் வலது முன்பகுதியில் அந்த மாற்றம் வரவில்லை. பிரடை நழுவி, சுருதி இறங்கிய தந்தியில் பயிற்சி செய்கிறவர் தனக்குத்தானே அந்தக் கலைத்த கட்டைகளைத்தான் கொடுத்துக்கொள்கிறார். பத்து நிமிடம் சுருதி சேர்த்துவிட்டு இருபது நிமிடம் வாசித்தாலும் அந்தப் பத்து நிமிடம் நஷ்டமில்லை.

பயிற்சியை எப்படிப் பிரிப்பது என்பதிலும் பெரியவர்கள் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறார்கள்: ஒன்று படிந்த பிறகுதான் அடுத்தது. 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் கையசைவுப் பயிற்சிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். மாற்றி மாற்றிக் கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள், ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது நினைவில் வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். இரண்டு தடவை மூன்றாம் சரளி, ஒரு நீண்ட ஸட்ஜம், பிறகு ஐந்தாம் சரளி என்று கலந்தால் அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். தூக்கமும் உதவுகிறது என்று 2002இல் மாத்யூ வாக்கர் குழுவினர் காட்டினார்கள்: விரல் தட்டும் வரிசை ஒன்றை மாலையில் பயின்றவர்கள், மறுநாள் காலையில் மேற்கொண்டு பயிலாமலேயே 20 சதவீதம் அளவுக்கு வேகம் கூடியிருந்தார்கள். அதில் ஒரு பங்கு முந்தைய நாள் களைப்பு தீர்ந்ததால் வந்தது என்று பின்னால் சிலர் வாதாடினார்கள். எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதைவிட, ஏழு நாளும் அரை மணி நேரம் மேல்.

பெரியவருக்கு உண்மையான இடைஞ்சல் அவர் காதுதான். இருபது வருடமாக மார்கழியில் சபா சபாவாகக் கேட்டுப் பண்பட்ட காது. லால்குடியின் வில் எப்படிப் பேசும், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் விரல் எப்படி ஓடும் என்று அதற்குத் தெரியும். அந்தக் காதுக்கு முன்னால் இந்தக் கை நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் காதும் கையும் சேர்ந்து வளர்வதால் இந்த இடைவெளி தெரிவதில்லை. ஆனால் இலக்கு மனத்தில் தெளிவாக இருப்பது கற்கும் மூளைக்கு நன்மை: விரல் வைக்கும் முன்பே எந்த ஸ்வரம் வர வேண்டும் என்று மனம் கேட்டுவிடுகிறது, வந்ததோடு ஒப்பிடுகிறது, வித்தியாசத்தை அடுத்த இழுப்பில் குறைக்கிறது. தோடியின் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசிரியர் நூறு தடவை பாடிக் காட்ட வேண்டும். ரசிகருக்கு அது முன்பே தெரியும். விரலுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. சரளி ஒருவாறு படிந்ததும் ஆசிரியை ஜண்டை வரிசையை எடுப்பாள். ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும்; இரண்டாவதற்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். மேலாளர் உடனே வில்லை அமுக்குவார். "அமுக்காதீங்க சார்" என்று அவள் மறுபடியும் ஆரம்பிப்பாள்.